இன்று முதலில் எது? பள்ளி நாளைப் பிள்ளைகளே திட்டமிட ஒரு வழி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ராயக்கோட்டைக்கும் கெலமங்கலத்துக்கும் இடையில், தக்காளியும் சாமந்தியும் விளையும் ஓர் ஊரில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். மூன்று வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கும்போது, பயிற்சி நேரத்தை அவர்களே வகுத்துக்கொள்ளும்படி நடத்திவருகிறேன். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் 'இது எப்படி நடக்குது?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், எங்களைப் போன்ற பள்ளிகளில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். என்ன படிக்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்கிறேன். அதைப் பிள்ளையின் விருப்பத்துக்கு விடுவதில்லை. எதை முதலில் எடுப்பது, எங்கே உட்காருவது, யாரோடு சேர்ந்து செய்வது, சிலேட்டா நோட்டா புளியங்கொட்டையா, இந்த நான்கும் பிள்ளையுடையவை. இதோடு, சாயங்காலம் தன் நாளைத் தானே திரும்பிப் பார்ப்பது ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் காலையில் மட்டும் கேட்டால் பிள்ளைகள் பிடித்ததைப் பொறுக்கி எடுப்பார்கள், திட்டமிட மாட்டார்கள். நேரம் போதாமல் எதையாவது குறைக்க வேண்டி வந்தால் காலைப் பேச்சைக் குறையுங்கள். மாலைப் பேச்சில் கை வைக்காதீர்கள்.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

காலை உணவு, காலை வணக்கம், இடைவேளை, சத்துணவு ஆகியவை அந்தந்த நேரத்தில் அப்படியே நடக்கட்டும். அடுத்து என்ன என்று தெரிந்திருப்பதுதான் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிடிமானம். புதுப் பாடம் நடத்தும் நேரமும் உங்களுடையதுதான். பயிற்சி நேரத்தை மட்டும் திறந்துவிடுங்கள். தொடக்கத்தில் காலை இடைவேளைக்கு முந்திய 40 நிமிடம் போதும். அது படிந்த பிறகு மதியம் இன்னொரு 40 நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம்.

விதி இடம் கொடுக்குமா என்று சிலர் தயங்குகிறார்கள். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. அந்த மணிகளுக்குள் பயிற்சி எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமாக 2022-23-ல் அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நம் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் வெவ்வேறு பக்கம் செய்வது இப்போதே நடக்கிறது. வரிசையை மட்டும் அவர்கள் கையில் கொடுப்பது அதற்கு அடுத்த படிதான்.

நம் பள்ளிகளுக்கு இது முழுக்கப் புதிதும் இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில், பிள்ளை ஏணியை, அதாவது கற்க வேண்டியதைப் படிப்படியாகக் காட்டும் படத்தாளைப் பார்த்துத் தன் அட்டையைத் தானே போய் எடுக்கும். ஆந்திராவில் மதனப்பள்ளிப் பக்கம் ரிஷிவேலியில் உருவான முறையிலிருந்து வந்தது அது. எவ்வளவு வேகத்தில் போவது என்பதை ஏணி பிள்ளையிடம் விட்டது. அடுத்த படி எது என்பதை மட்டும் ஏணியே சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரைச் சுற்றி அடித்த கரும்பலகை பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் இருந்தால் அழிய விடாதீர்கள், இந்த வேலைக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

வெளிநாட்டிலும் இதற்கு வேர் உண்டு. 1962-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலாண்டி என்ற ஊரில், டேவிட் வைகார்ட் என்பவரின் முயற்சியில் மூன்று நான்கு வயது ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. 'திட்டமிடு, செய், திரும்பிப் பார்' என்ற அன்றாட வரிசை அதிலிருந்து வளர்ந்ததுதான். பிரான்சில் செலஸ்தான் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர், பிள்ளைகளே தங்கள் வாரத்து வேலையைத் தாளில் எழுதி வைத்துச் செய்யும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். அவரும் நம்மைப் போல எளிய ஊர்ப் பள்ளியில் பாடம் நடத்தியவர். வசதியான தனியார் பள்ளிகளில்தான் இது நடக்கும் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டையும் சொல்லுங்கள்.

பட்டை, சீட்டு, கிளிப்

இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். தினசரி காலண்டரின் பின் அட்டையை ஒரு சாண் நீளம், நான்கு விரல் அகலத்துக்கு வெட்டுங்கள். இதுதான் பட்டை, பிள்ளை தன் வேலைகளை வரிசைப்படுத்தும் இடம். பிளேடால் குறுக்கே நான்கு கீறல் போடுங்கள். இதை நீங்களே செய்யுங்கள், பிள்ளைகள் கையில் பிளேடு வேண்டாம். கீறலில் செருகி வைக்க, ஒரு வேலைக்கு ஒன்றாக, தீப்பெட்டி அளவில் சீட்டுகள் வேண்டும். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கு அருமையாக இருக்கும்: கெட்டியானது, ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும், ஐப்பசி, தை மாதங்களில் எல்லா வீட்டிலும் கிடைக்கும்.

சீட்டில் எழுத்து வேண்டாம், படம் போடுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிய வேண்டும். எங்களிடம் திறந்த புத்தகம் என்றால் வாசிப்பு, புளியங்கொட்டை என்றால் கணக்கு, பென்சில் என்றால் எழுத்து, காது என்றால் ஆங்கிலச் சொல் கேட்டுச் சொல்வது. ஐந்தாவது ஒரு வெற்றுச் சீட்டு. அது பிள்ளையின் சொந்த வேலைக்கு. மற்றதை முடித்தவர்கள் அதில் தாங்களே படம் வரைந்து செருகிக்கொள்வார்கள். வாசிப்பு மூலையில் கதைப் புத்தகம் பார்ப்பது, களிமண்ணில் உரல் உலக்கை செய்வது, பள்ளித் தோட்டத்துக் கத்தரிச் செடியில் எத்தனை பூ என்று எண்ணி எழுதுவது என்று அது தினமும் மாறும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணி கிளிப். அதில் பெயருக்குப் பதில் அந்தப் பிள்ளை தானே எடுத்த ஒரு படம்: தக்காளி, கோழி, டெம்போ, நிலா. டெம்போவுக்குப் போட்டி வந்தால் நிறத்தை மாற்றிக் கொடுங்கள், ஒருவருக்கும் மறுக்காதீர்கள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் கயிறு கட்டி, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் பட்டைகளை இந்தக் கிளிப்பில் மாட்டிவிடுங்கள். ஒரு வேலை முடிந்ததும் பிள்ளை சீட்டைத் திருப்பிச் செருகும். அறையின் எந்த மூலையில் இருந்தும் ஒரு பார்வையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஈராசிரியர் பள்ளியில் இந்த ஒன்றுக்காகவே பட்டை செய்யலாம்.

எப்போது, எவ்வளவு

ஜூன் மாதத்தில் தொடங்க வேண்டாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுகையை நிறுத்தி, இடம் பழகி, தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே முதல் பருவம் வேண்டும். இரண்டாம் பருவத்தில், அக்டோபரில் தொடங்குங்கள்.

முதல் வாரம் இரண்டே சீட்டு: வாசிப்பு, கணக்கு. எது முதலில் என்ற ஒரே கேள்வி. அதுவே சிலருக்குப் பெரிய விஷயம். அடுத்த வாரம் மூன்றாவது சீட்டு. அதன் பிறகு 'எங்கே' என்பதைச் சேருங்கள், பிறகு 'யாரோடு'. எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் சின்னப் பிள்ளை திகைத்து நிற்கும், அல்லது பக்கத்துப் பிள்ளை எடுத்ததை எடுக்கும். மூன்றாம் வகுப்பு வரை ஒரு நேரத்தில் நான்கு சீட்டுக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து.

காலையில் ஐந்து நிமிடம் போதும். எல்லாப் பிள்ளையிடமும் நீங்கள் பேச முடியாது. அன்றைக்கு நான்கைந்து பேரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் தங்கள் பட்டையைக் காட்டிச் சொல்லட்டும். 'மொதல்ல எது?' என்று கேட்டு நிறுத்தாமல், 'எதுக்கு அது மொதல்ல?' என்றும் கேளுங்கள். பூ பறிக்கும் வீட்டில் விடியும் முன்பே எல்லாரும் எழுந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவன் சொன்னான்: 'சாப்ட்டா தூக்கம் வந்துருது டீச்சர், அதான் கணக்க காலையிலயே முடிச்சிடறேன்.' இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தன் உடம்பு எப்போது ஒத்துழைக்கும் என்று தெரிந்திருக்கிறது. இதை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கேட்டதில்லை.

இடமும் துணையும்

எங்கள் பக்கம் கார்த்திகை, மார்கழியில் காலைக் குளிர் கடுமை. சிமெண்ட் தரையில் உட்கார்ந்து பிள்ளைகள் பென்சிலைப் பிடிக்கவே சிரமப்படுவார்கள். வராண்டாவில் வெயில் விழும் ஓரத்தில் ஒரு பாய் விரித்து அதையும் ஓர் இடமாகச் சொல்லிவிட்டால், எழுத்து வேலையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாசி பிறந்ததும் அதே பாய் புங்க மரத்தடிக்குப் போகும். ஒரு பாய்க்கு நான்கு பேர் என்பது விதி. இடம் நிறைந்துவிட்டால் அடுத்த இடம், அல்லது அந்த வேலையைப் பிறகு. வெளியே இருப்பவர்கள் உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் இருக்க வேண்டும். இதில் தளர்வு காட்டாதீர்கள்.

துணையைத் தேர்ந்தெடுக்க விடுவதில் நிறைய ஆசிரியர்களுக்குப் பயம். பேசிக்கொண்டே இருப்பார்கள் என்கிறார்கள். பேசுவார்கள்தான். ஆனால் ஓசூர், தளி, கெலமங்கலம் பகுதிகளில் பல பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 'சமமாகப் பங்கிடுக' என்று புத்தகத்தில் இருப்பதைப் படித்துவிட்டுப் பேந்தப் பேந்த விழிக்கும் பிள்ளைக்கு, பக்கத்தில் இருப்பவள் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கை தானாகக் கொட்டைகளைப் பிரிக்கத் தொடங்குகிறது. அந்த ஒரு வார்த்தையை என்னால் எல்லாருக்கும் சொல்ல முடியாது. துணையைப் பிள்ளையே எடுக்கும்போது, தனக்குப் புரிய வைப்பவர் யார் என்று பார்த்துத்தான் எடுக்கிறது. சிரித்து விளையாட மட்டும் சேர்ந்தார்கள் என்றால் அது மாலையில் பட்டையிலேயே தெரிந்துவிடும்.

வேலை நடக்கும்போது வரிசையை மாற்றலாமா என்று கேட்பார்கள். ஒரு முறை மாற்றலாம், என்னிடம் வந்து சொல்லிவிட்டு. மாற்றக் கூடாது என்றால் திட்டம் தண்டனையாகிவிடும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்றால் திட்டத்துக்கே பொருள் இல்லை. நேரம் தெரிய, சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் போய் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிடுங்கள். மணி பார்க்கத் தெரியாத பிள்ளைக்கும் முள் நெருங்குவது தெரியும்.

மாலைப் பத்து நிமிடம்

கடைசி மணிக்கு முன் பத்து நிமிடம். எல்லாரும் தங்கள் பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்காருகிறோம். மூன்று கேள்விதான். நினைத்ததில் எது முடிந்தது? எது நின்றுபோனது? நாளைக்கு எதை மாற்றுவாய்? முடித்தவருக்கு நட்சத்திரமும் கிடையாது, கைத்தட்டலும் கிடையாது. முடிக்காதவருக்குத் திட்டும் கிடையாது. இந்த நேரத்தில் மதிப்பெண் வாசனை வந்தால் அடுத்த நாளே பிள்ளைகள் பொய் சொல்லத் தொடங்குவார்கள், சீட்டைச் சும்மாவே திருப்பி வைப்பார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. கெட்டிக்காரி, வாசிப்பில் முதலில் முடிப்பவள். புளியங்கொட்டைச் சீட்டு மட்டும் தினமும் அவள் பட்டையின் கடைசியில் இருக்கும், தினமும் திருப்பப்படாமலே நிற்கும். அவள் வரிசையை மாற்றும்படி நான் சொல்லவில்லை. மாலையில் கேட்டேன்.

'எது நின்னுபோச்சு கண்ணு?'

'வகுத்தல், டீச்சர்.'

'நேத்தும் அதுதானே?'

'ஆமா.'

'ஏன் நிக்குதுன்னு நெனைக்கறே?'

கொஞ்ச நேரம் பட்டையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, 'எப்பப் போட்டாலும் மீதி வருது டீச்சர். மீதி வந்தா தப்புதானே?' என்றாள்.

அவளுக்குச் சோம்பல் இல்லை, கணக்கு வராமலும் இல்லை. 23 கொட்டையை 4 பேருக்குப் பிரித்து, ஆளுக்கு 5 கொடுத்து, கையில் 3 நின்றதும் தான் எங்கோ தவறிவிட்டதாக நினைத்து அழித்திருக்கிறாள். மறுநாள் அவளோடு உட்கார்ந்து அந்த 3 கொட்டையைத் தனியாக ஒரு மூடியில் போட்டோம். அதற்குப் பெயர் மீதி, அதையும் விடையில் எழுத வேண்டும் என்று சொன்னேன். அந்த வாரத்திலேயே கணக்குச் சீட்டு அவள் பட்டையில் இரண்டாவது இடத்துக்கு வந்தது. நான் வழக்கம்போல 'எல்லாரும் வகுத்தல் போடுங்க' என்று சொல்லியிருந்தால் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்திருப்பாள், எனக்குத் தெரிந்திருக்காது. பிள்ளை எதைத் தள்ளிப்போடுகிறது என்பது எந்தத் தேர்வுத்தாளிலும் வராத செய்தி. அதற்காகத்தான் மாலைப் பேச்சை விடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன்.

எல்லாரும் தினமும் பேச வேண்டியதில்லை. நாளுக்கு ஐந்தாறு பேர் வாய்விட்டுச் சொல்லட்டும். மற்றவர்கள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு படமோ ஒரு வரியோ போட்டு, பட்டையோடு சேர்த்துக் கிளிப்பில் மாட்டட்டும். சனிக்கிழமை அவற்றைப் புரட்டினால் வாரம் முழுக்கத் தெரியும்.

சிக்கல்கள்

எப்போதும் தோழன் பட்டையைப் பார்த்து அப்படியே செருகும் பிள்ளை இருக்கும். அதை உடைக்க அவசரப்படாதீர்கள். அந்தப் பிள்ளையைக் காலையில் முதல் ஆளாகக் கூப்பிட்டுச் செருகச் சொல்லுங்கள், பார்ப்பதற்கு அப்போது வேறு பட்டை இருக்காது.

சொந்த வேலைச் சீட்டையே முதலில் வைக்கும் பிள்ளைக்கு அனுமதி கொடுங்கள், ஆனால் அதற்கும் கடிகாரத்தில் ஒரு சிவப்புத் தாள் உண்டு. எதையும் எடுக்காமல் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு சீட்டை மட்டும் கையில் நீட்டுங்கள். 'நீயே எடு' என்று திரும்பத் திரும்பச் சொல்வது அந்தப் பிள்ளைக்குக் கொடுமை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன பெற்றோருடன் போய்விட்டுச் சில வாரம் கழித்துத் திரும்பும் பிள்ளைகள் எங்களிடம் உண்டு. அவர்கள் பட்டையைக் கயிற்றிலிருந்து எடுக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். வந்த அன்றே தன் கிளிப் அங்கே இருந்தால், விட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது.

பாடக்குறிப்பில் இதை மறைக்க வேண்டாம். 'பயிற்சி 40 நிமிடம்: வாசிப்பு, எழுத்து, கணக்கு, வரிசை மாணவர் விருப்பம்' என்று எழுதுங்கள். வட்டாரக் கல்வி அலுவலரோ ஆசிரியப் பயிற்றுநரோ வந்தால் நீங்கள் விளக்காதீர்கள். ஏதாவது ஒரு பிள்ளையிடம் 'இப்போ என்ன செய்யறே, அடுத்து என்ன?' என்று அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். பட்டையைக் காட்டிப் பிள்ளை பதில் சொல்லும்.

பெற்றோருக்கு வேறு கவலை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பாட்டி கேட்டார்: 'புள்ளைங்க இஷ்டத்துக்கு விட்டா படிப்பு எப்படிம்மா ஏறும்?' நியாயமான கேள்வி. அவர் பேரனின் நோட்டையும் காலண்டர் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எந்த வேலையும் விட்டுப்போகவில்லை, வரிசைதான் நாளுக்கு நாள் மாறியிருக்கிறது என்று அவரே பார்த்துச் சொன்னார். வீட்டிலும் இதைச் செய்யலாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். 'வீட்டுப்பாடம் எப்போ எழுதுவே?' என்று கேட்டால் பிள்ளை நழுவும். 'பால் ஊத்தப் போறதுக்கு முன்னாடியா, வந்த பின்னாடியா?' என்று கேட்டால் ஏதோ ஒன்றைச் சொல்லும், சொன்னதைப் பெரும்பாலும் செய்யும்.

ஐந்தாம் வகுப்புக்கு

தலைமை ஆசிரியர் நான்கு, ஐந்தாம் வகுப்பில் பட்டையை விட்டுவிட்டு வாரத் தாளுக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை, அந்த வாரம் முடிக்க வேண்டிய பயிற்சிகளைப் பலகையில் எழுதிவிடுகிறார். பிள்ளைகள் தங்கள் தாளில் ஐந்து நாளுக்கும் அவற்றைப் பிரித்து எழுதிக்கொள்கிறார்கள். புதன்கிழமை மதியம் ஒரு முறை சரிபார்த்து, மீதியை வியாழனுக்கும் வெள்ளிக்கும் மாற்றிப் பிரிக்கிறார்கள். வெள்ளி மாலை அதே மூன்று கேள்வி.

மூன்றாம் பருவத்தில், ஜனவரி முதல், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டு வேலைகளையும் அதே தாளில் சேர்க்கட்டும்: தம்பியைப் பார்த்துக்கொள்வது, தண்ணீர் பிடிப்பது, மாட்டுக்குத் தீவனம் போடுவது எல்லாம். ஆறாம் வகுப்புக்கு அவர்கள் பஸ் ஏறிப் பெரிய பள்ளிக்குப் போவார்கள். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர், மணிக்கு ஒரு பாடவேளை, ஆளுக்கொரு வீட்டுப்பாடம். அன்று மாலை எதை முதலில் எடுப்பது என்று பிள்ளையிடம் கேட்க ஆள் இருக்காது. அதனால் வாரத் தாளை ஆசிரியர் மேசையில் வாங்கி வைக்காமல், ஜனவரியிலிருந்தே பிள்ளையின் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.